மிசியே லெயோனைக் கவனிக்கும் முறை

அந்தக் கதிரை வேண்டாம் தங்கச்சி, அது அவருடையது. இதில் இரும். சப்பாத்தைக் கழற்றாதேயும். எங்கள் பழக்கம் இங்கே சரிவராது. வெறுங்காலோடு சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றால் அவர் திடுக்கிட்டுப்போவார். முதல் வருஷம் நான் அப்படித் திரிந்து இரண்டு தரம் அவரை அழவைத்திருக்கிறேன். பிறகுதான் இந்தக் கட்டைச் சப்பாத்தை வாங்கினேன். வீட்டுக்குள்ளே சப்பாத்தோடு குதிரை மாதிரித் திரிகிறீர்களோ என்று என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இப்போது நித்திரை. மூன்றரைக்கு எழும்புவார். நான் நாலு மணிக்குப் போய்விடுவேன். நிக்கோல் அப்படித்தான் சொன்னவ. உம்மை வேலைக்கு எடுத்தாவே, அவருடைய மகள், அவதான். "புது ஆளுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்துங்கள் தனேஸ், அது போதும், நாலு மணிக்கு நீங்கள் போகலாம்." போகலாம் என்றால் என்ன, போ என்றுதானே. ஐந்து வருஷம். எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் உமக்கு வேலையைத்தான் சொல்லித் தரப்போகிறேன், வேறு ஒன்றும் கதைக்கப்போவதில்லை.

தேத்தண்ணீர் குடியும். பால் இல்லை, இங்கே ஒருத்தரும் பால் விடுவதில்லை. பழகிவிடும்.

குளிசைப் பெட்டி இது. காலைக்கு மூன்று, இரவுக்கு இரண்டு. இந்த வெள்ளைக் குளிசை மறதி வருத்தத்துக்கு. அதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று டொக்டரே சொன்னவர், ஆனால் கொடுக்க வேண்டும். பாணை மெல்லிசாக வெட்டும். சீஸ் மணத்துக்கு முகத்தைச் சுழிக்காதேயும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். றோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிக்காதேயும். அதை நல்லாய் ஞாபகம் வையும். முழங்கையைப் பிடியும், தோளைப் பிடியும், கோட்டைப் பிடித்து இழுத்தாலும் பரவாயில்லை. கையை மட்டும் பிடிக்க விடமாட்டார். உதறிவிடுவார். எண்பத்தாறு வயது, உதறுகிற உதறில் நீர்தான் விழுவீர்.

ஏன் என்றோ? ஏனென்று தெரியாமலா நான் ஐந்து வருஷம் இருந்தேன்.

நீர் மன்னாரோ? பேசாலையா? சரிதான், அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் ஜெசிந்தா என்று பெயர் இருக்கும். எப்போது வந்தனீர்? அகதிக் கேஸ் என்ன மாதிரி? ஓ, போன மாதந்தான் கிடைத்ததோ. நல்லது. அப்போ நான் சொல்லப்போவது உமக்கு விளங்கும். நிக்கோலுக்கு விளங்கவில்லை. அவ இந்த நாட்டில் பிறந்தவ. ஒருத்தரும் அவவை ஒரு அறைக்குள் இருத்தி, உன் கதையைச் சொல்லு பார்ப்பம் என்று கேட்டதில்லை.

மிசியே லெயோன் யூதர். அது தெரியுந்தானே. ஜெர்மன்காரர் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்வதுதான் அவருடைய வேலை. சம்பளத்துக்கு இல்லை. இருபது வருஷமாகச் சொல்கிறார். ஐந்து வருஷமாக நானும் கூடப் போனேன். பையைத் தூக்குவது, தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோவது, படம் போடுகிற மெஷினை அழுத்துவது. பன்னிரண்டு படம். அவர் ஒரு விரலைத் தூக்குவார், நான் அழுத்துவேன். சொல்லுக்குத் தடுமாறினால் என் பக்கம் பார்ப்பார், நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். பிறகு பிறகு விரலையும் தூக்குவதில்லை. எனக்கே தெரியும். ஐம்பது நிமிஷம், ஒரு சொல் முன்னே பின்னே போகாது. என்னுடைய பிரெஞ்சு முழுக்க அவருடைய கதையில் படித்ததுதான். கடையில் போய் வெங்காயத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாத காலத்திலேயே, நாடு கடத்தல், சரக்கு ரயில், கொட்டகை, இந்தச் சொல்லெல்லாம் எனக்குத் தெரியும்.

சொல்கிறேன், கேளும். உமக்கும் தெரிய வேண்டும்.

முதல் படம் தையல் மெஷின். தகப்பன் தொப்பி தைக்கிறவர். போலந்திலிருந்து வந்த ஆள். ஒரே அறை. பகலில் அது தொப்பிக் கடை, இரவில் மேசையை மடித்து வைத்தால் படுக்கை அறை. தாய் தொப்பிக்கு உள்துணி வைத்துத் தைப்பாள். தம்பி பெர்னார், அஞ்சு வயது. அது மேசைக்குக் கீழே இருந்து விழுகிற துண்டுத் துணியைப் பொறுக்கும். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏனென்றால் அவர் சொல்வார், "என் தம்பிதான் எங்கள் கடை முதலாளி, அவன் மட்டுந்தான் வேலை செய்யாமல் இருப்பான்" என்று.

பிறகு தகப்பனுக்குப் பொலிஸிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு சீட்டு வந்தது. வந்து பதிந்துவிட்டுப் போகட்டாம். போர்வையும் கொண்டு போனார். அவ்வளவுதான். எங்களுக்குத் தெரியாததா? வாங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம் என்கிற கதை. முதல் நாள் இதைக் கேட்டபோது நான் மெஷினை அழுத்த மறந்துபோனேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஜூலை மாதம், விடியவே பொலிஸ் வந்து தாயையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனது. சைக்கிள் ஓட்டப் போட்டி நடத்துகிற பெரிய மண்டபம். ஆயிரக்கணக்கான சனம். கக்கூஸ் அடைபட்டுப் போயிற்று. தண்ணீர் இல்லை. கண்ணாடிக் கூரையால் வெயில். இரண்டாம் நாள் தாய், பிள்ளைகளின் சட்டையில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பல்லால் நூல் கடித்துப் பிரித்தாள். கேட்டால் யாருக்கோ சாமான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லு, தம்பியின் கையை விடாதே என்றாள். வாசலில் ஒரு பொலிஸ்காரன். லெயோனை விட்டான். பெர்னாரின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டான். இவர் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க, அவன் பறித்துவிட்டான். இதுதான் ஆறாவது படம். பெர்னார் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற படம்.

அவர் ஓடினார். கட்டடக் காவல்காரப் பெண் ஒருத்தி ஒளித்து வைத்து, பிறகு தூரத்தில் ஒரு பண்ணைக்கு அனுப்பிவிட்டாள். அங்கே வேறு பெயர். மாடு பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளில் நின்றார். உங்கட மந்திரமெல்லாம் அவருக்குப் பாடம், ஜெசிந்தா, ஒருநாள் கேட்டுப் பாரும், உம்மைவிட நல்லாய்ச் சொல்வார். சண்டை முடிந்த பிறகு பாரிஸுக்கு வந்தார். முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பி வருகிற ஆட்களை ஒரு பெரிய ஹோட்டலில் வைத்திருந்தார்கள். அந்த வாசலில் தாயின் படத்தையும் தம்பியின் படத்தையும் மட்டையில் ஒட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை நின்றார். ஒருத்தரும் வரவில்லை. பிறகு அநாதைப் பிள்ளைகளின் விடுதி. பிறகு கைப்பை தைக்கிற வேலை, பிறகு சொந்தக் கடை, கலியாணம், நிக்கோல். பெண்சாதிக்கு ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்பதைக் கூடச் சொல்லவில்லை. அந்த மனிசி அது தெரியாமலே செத்துப்போனா.

பிறகு ஒரு பட்டியல் புத்தகமாக வந்தது. எந்த ரயிலில் யாரைச் சாவு முகாமுக்கு அனுப்பினது என்று. தாய் போன ரயிலுக்கு ஒரு திகதி. பெர்னார் போன ரயிலுக்கு வேறு திகதி. மூன்று கிழமை வித்தியாசம். தாய்மாரை முதலில் அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று கிழமையும் அஞ்சு வயதுப் பிள்ளை தனியாக இருந்திருக்கிறது. இதுதான் பன்னிரண்டாவது படம். அந்தப் பக்கத்தில் அவனுடைய பெயர். இந்த இடத்தில் ரீச்சர்மார் எல்லாரும் அழுவார்கள். பிள்ளைகள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் அழுவதில்லை. எத்தனை தரம் கேட்டாயிற்று. எங்களுக்கு ஒரு பட்டியலும் இல்லை என்று மட்டும் ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அவர்கள் திகதி போட்டு வைத்திருக்கிறார்கள், பாரும்.

எனக்கோ? எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் இங்கே ஆறாம் வகுப்பு. மகன் நிலவன். அவனுக்கு ஒன்பது வயது. முள்ளிவாய்க்காலில், பங்கருக்குள் ஷெல் விழுந்தது. என் மடியில்தான். அவ்வளவுதான். அதைக் கேஸில் எழுதியிருக்கிறது.

நீர் கேஸ் யாரிடம் எழுதினனீர்? எங்களுக்கு லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு மாஸ்டர் இருந்தார். நாங்கள் சொல்லச் சொல்ல எழுதி, எது நிற்கும், எது நிற்காது என்று பார்த்துச் சரிப்படுத்தித் தருவார். நான் அதைப் பாடமாக்கிக்கொண்டுதான் முதல் விசாரணைக்குப் போனேன். ஆனால் என்னை விசாரித்த பெட்டை நல்லவள். தண்ணீர் ஊற்றித் தந்தாள். "உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள். செத்ததைப் பற்றி இல்லை, மகனைப் பற்றி. அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. நான் எழுத்தில் இருந்ததை விட்டுவிட்டு வேறு மாதிரிச் சொல்லிவிட்டேன். மொழிபெயர்த்த பெடியன் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தும் எனக்கு விளங்கவில்லை, வாய் போய்க்கொண்டே இருந்தது.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. நம்பத்தகுந்ததாக இல்லை.

மாஸ்டர் ஏசின ஏச்சு! "அக்கா, நான் எழுதித் தந்தது பங்கர். நீங்கள் போய்க் கடலேரி எண்டு கதைச்சால் நான் என்ன செய்யிறது? ஒரு கையில சின்னவள், மற்றக் கையில பெடியன், தண்ணி கழுத்துமட்டம் எண்டெல்லாம் ஆர் உங்களைச் சொல்லச் சொன்னது? உதைக் கேட்டால் அவன் என்ன கேப்பான் தெரியுமோ? பெடியனை ஏன் விட்டனீங்கள் எண்டு கேப்பான். அதுக்கு என்ன மறுமொழி வைச்சிருக்கிறியள்?"

அப்பீலில் பங்கர் என்றேன். கேள்வியை மாற்றிக் கேட்டார்கள், பங்கர் என்றேன். எந்தப் பக்கம் வாசல்? கிழக்கு. எத்தனை மண்மூட்டை? கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் பங்கர்தான். மகளுக்கும் பங்கர்தான், அவளுக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் தெரியாது. இப்போது எனக்கே பங்கர்தான் ஞாபகம் வருகிறது. அந்த மண்மூட்டையின் ஈர மணம்கூட வருகிறது. அப்படி இருக்க வேண்டும் தங்கச்சி. மாற்றிச் சொல்கிறவரை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஒரு தரம் மாற்றினால், அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். இது ஒன்றைத்தான் நான் இந்த நாட்டில் படித்தது.

இப்போது சொல்லும், நான் செய்தது பிழையா?

போன மாதம் ஒரு புறநகர்ப் பள்ளிக்கூடம். இனி அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாமென்று நிக்கோல் முன்பே சொன்னவதான், மறதி கூடிவிட்டது என்று. இவர் ஒற்றைக்காலில் நின்றார். இது கடைசித் தரம், இது ஒன்றுக்குப் போகிறேன் என்றார். காலையில் தானே சவரம் செய்தார். கழுத்துப் பட்டியை மூன்று தரம் கட்டி அவிழ்த்தார். நான் அப்போதே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் அறுபது பேர், பதினாலு வயது மட்டில். ரீச்சரும் ஒரு இளம் பெட்டைதான். தையல் மெஷின், சரி. தகப்பன், சரி. தம்பி முதலாளி, பிள்ளைகள் சிரித்தார்கள். மண்டபம், கக்கூஸ், கூரை, நட்சத்திரம், எல்லாம் சரி. நான் ஆறாவது படத்துக்கு விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். வாசல் வந்தது. பொலிஸ்காரன் வந்தான்.

"பொலிஸ்காரன் எங்களைப் பார்த்தான்" என்றார். "பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்."

நான் அவர் தடுமாறுகிறார் என்று நினைத்து, "பிடித்தான்" என்று சொல்லெடுத்துக் கொடுத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம்" என்றார். "இரண்டு பேரும். றோட்டில் நின்றோம். நடந்தோம். ஐம்பது அடி இருக்கும். பெர்னார் அழத் தொடங்கினான். அம்மா வேணும் என்றான். நடக்கமாட்டேன் என்று கீழே இருந்துவிட்டான். சனம் பார்த்தது. நான் இழுத்தேன். வாயைப் பொத்தினேன், கடித்தான். எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் போ என்றேன். நான் கையைத் திறந்தேன். அவன் எழும்பி வாசலுக்குத் திரும்பி ஓடினான்."

சொல்லிவிட்டுக் கையைத் திறந்து காட்டினார். இப்படி. மேசைக்கு மேலே, அறுபது பிள்ளைகளுக்கும் தெரிகிற மாதிரி.

எனக்கு முழங்கால்வரை குளிர்ந்துபோனது. தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி. அந்த ரீச்சரின் முகத்தைப் பார்த்தேன். தாள் ஒன்றில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவ, எழுதுவதை நிறுத்திவிட்டா. அவ்வளவுதான், கதை போயிற்று என்று நினைத்தேன். இருபது வருஷம் சொன்ன கதை. முந்நூறு பள்ளிக்கூடத்தில் பொலிஸ்காரன் பறித்தான், இன்றைக்குத் தானே விட்டாராம். இனி யார் நம்புவது? தகப்பன் போன கதையை நம்புவார்களா, ரயிலை நம்புவார்களா? முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கியது. கேட்கப்போகிறது. ஏன் விட்டனீங்கள் என்று கேட்கப்போகிறது. அதற்கு அவர் என்ன மறுமொழி வைத்திருக்கிறார்?

நான் எழும்பிவிட்டேன். "இல்லை மிசியே" என்றேன். "அப்படி இல்லை. பொலிஸ்காரன் பறித்தான்."

அவர் "நோன்" என்றார், இல்லையென்று.

"பொலிஸ்காரன் பறித்தான். சொல்லுங்கள் மிசியே. ஒரு கையை நீங்கள் பிடித்தீர்கள், மற்றக் கையை அவன் பிடித்தான்."

"நோன், மதாம் தனேஸ்."

நான் பிள்ளைகளின் பக்கம் திரும்பினேன். ஐயாவுக்கு மறதி வருத்தம், சில நேரம் இப்படித்தான் மாறிக் கதைப்பார், மிச்சத்தை நான் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். பண்ணை, கோயில், ஹோட்டல் வாசல், பட்டியல், மூன்று கிழமை. அவருடைய சொல்லிலேயே சொன்னேன். ஒரு பிழை விடவில்லை. மெஷினையும் நானே அழுத்தினேன். முடிய எல்லாரும் கை தட்டினார்கள், ரீச்சரும் தட்டினா. அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டு இருந்தார். கை தூக்கிய அந்தப் பிள்ளை மட்டும் தட்டவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நான் கோட்டைக் கழற்றிவிடும்போது கேட்டார். "நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"எங்கே மிசியே?"

"அந்த றோட்டில்."

"இல்லை மிசியே."

"நான் இருந்தேன்" என்றார்.

அதோடு சரி. ஒரு மாதமாக என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார். குளிக்க வார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். நான் அறைக்குள் வந்தால் எழும்பி மற்ற அறைக்குப் போவார். ஐந்து வருஷம் முதுகு தேய்த்துவிட்ட என்னைக் கண்டால் அவருக்குப் பயமாம். நிக்கோல் சொன்னா. அந்த ரீச்சர் நிக்கோலுக்குக் கடிதம் எழுதிவிட்டா. நன்றியென்று எழுதியிருப்பா என்றுதான் நான் நினைத்தேன்.

நிக்கோல் இந்த மேசையில்தான் இருந்தவ. நீர் இருக்கிற அதே இடம். ஏசவில்லை, சத்தம் போடவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். "எழுபத்து நாலு வருஷத்தில் அப்பா ஒரு தரம் சொன்னார் தனேஸ்" என்றா. "நீங்கள் எழும்பி இல்லை என்றீர்கள்."

"வருத்தத்தில் கதைக்கிறார் மதாம்" என்றேன்.

"இருக்கலாம்" என்றா. "எனக்குத் தெரியாது. அவர் சொல்லி முடித்திருந்தால் தெரிந்திருக்கும்."

தெரிந்து என்ன செய்வது? நீர் சொல்லும். தகப்பன் தம்பியைக் கைவிட்டவர் என்று தெரிந்து அந்த மனிசி என்ன செய்யப்போகிறா? நான் அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன். லாச்சப்பலில் இதைச் சொன்னால் சனம் சிரிக்கிறது. "வெள்ளைக்காரக் கிழவன் எதைச் சொன்னால் உனக்கென்னடி, மெஷினை அமத்திப்போட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமே" என்கிறாள் மீன்கடை ரஞ்சி. அவளுக்கு மீன் வெட்டத் தெரியும், வேறு என்ன தெரியும்.

அதனால் உமக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளும். அவர் உம்மிடமும் தொடங்குவார். புது ஆளைக் கண்டால் சொல்லத் தொடங்குவார், எனக்குத் தெரியும், கிழமைக்கணக்காக அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். வாசல் வரைக்கும் சொல்லட்டும். வாசலில் மாற்றினால் விடாதேயும். பொலிஸ்காரன் பறித்தான் மிசியே என்று சொல்லும். சண்டை பிடித்தால் ரீவியைப் போட்டுவிடும். எங்கே, ஒருக்காச் சொல்லும் பார்ப்பம். பொலிஸ்காரன் பறித்தான்.

தேத்தண்ணீரை ஏன் தள்ளி வைக்கிறீர்?

கட்டில் சத்தம் கேட்குதோ? எழும்பிவிட்டார். இன்றைக்கு வேளைக்கே, மூன்றரை ஆகவில்லை. நீர் எழும்ப வேண்டாம், இரும். அவர் தானே வருவார். சுவரைப் பிடித்துப் பிடித்து வருவார். போன்ஜூர் சொல்லும், சிரியும்.

மிசியே, இது ஜெசிந்தா. இன்றைக்கிலிருந்து.

பார்த்தீரோ, என்னைப் பார்க்கவே இல்லை. நான் கதவு மாதிரி. ஆனால் உமக்குத் தலையாட்டிவிட்டார். கதிரையை உம்முடைய பக்கமாக இழுக்கிறார். நான் சொன்னேனா இல்லையா.

இவ்வளவு கெதியாகச் சொன்னால் உமக்கு விளங்காது. நான் தமிழில் சொல்கிறேன். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு இதில் நிற்கிறேன், அவர் பாட்டுக்குச் சொல்லட்டும். "எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்கிறார். "பெயர் பெர்னார்" என்கிறார். தையல் மெஷினைக் காணவில்லை, தகப்பனைக் காணவில்லை. நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டார். தாய் நூலைக் கடிக்கிறாள். வாசல்.

"முகத்தைத் திருப்பிக்கொண்டான்" என்கிறார்.

நீர் ஏன் என்னைப் பார்க்கிறீர்? நான் என்ன செய்ய? அவர் சொல்வதைத்தான் நான் சொல்லலாம். "இரண்டு பேரும் வெளியே வந்தோம்." "அழுதான்." "வாயைப் பொத்தினேன்." அப்படித்தான் சொல்கிறார். "போ என்றேன்" என்கிறார்.

"கையைத் திறந்தேன்" என்கிறார். நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார்.

நிறுத்திவிட்டார். பிறகு? பிறகு என்று கேளும். இல்லை, பொறும். அப்படிக் கேட்க வேண்டாம். ஒன்று கேட்க வேண்டும். நான் கேட்டால் சொல்லமாட்டார். நீர் கேளும் தங்கச்சி. ஓடுகிறபோது அந்தப் பிள்ளை ஒருக்கால் திரும்பிப் பார்த்தானோ என்று கேளும். இவரைத் திரும்பிப் பார்த்தானோ, பார்க்காமலே போய்விட்டானோ. பிரெஞ்சில் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன். நாலே நாலு சொல்லுத்தான். நான் சொல்லச் சொல்ல மெதுவாகச் சொல்லும்.

என் பக்கம் திரும்பாதேயும். அவரைப் பார்த்துக் கேளும்.